கடல் விட்டுச் சென்ற நகரம்

உங்களை இன்று ஒரு கப்பல் பயணத்துக்கு அழைத்துச் செல்கிறேன். ஈஜியன் கடலில் தீவு தீவாகச் சென்றுவரும் ஓர் உல்லாசக் கப்பலில் நீங்கள் பயணம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கப்பல் துருக்கி நாட்டின் மேற்குக் கரையிலுள்ள குஷாதாசித் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சுகிறது. மாலையில் மறுபடியும் புறப்பட்டுவிடும். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது நான்கு மணி நேரம். அதற்குள் பழம்பெரும் எபேசஸ் நகரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

துறைமுக வாசலில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. எண் எழுதிய அட்டை ஒன்றை உயரப் பிடித்தபடி உங்கள் வழிகாட்டி நிற்கிறார். அந்த எண்ணை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளுக்கு நடுவே எல்லாக் குழுக்களும் ஒன்று போலவே தோன்றும்!

பஸ் புறப்பட்டதும் வழிகாட்டி ஒலிபெருக்கியில் பேசத் தொடங்குகிறார். எபேசஸ், ரோமப் பேரரசின் ஆசியா மாநிலத்துக்குத் தலைநகராக விளங்கியது. தமிழ் விவிலியத்தில் 'எபேசு' என்று வருவது இந்த ஊர்தான். மத்தியதரைக் கடலின் பெரிய துறைமுகங்களில் அதுவும் ஒன்று.

இங்கே உங்களுக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். எபேசஸ் துறைமுகம் என்றால் நம்முடைய கப்பல் நேரே அங்கேயே போயிருக்கலாமே? ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி வேறோர் ஊரில் இறங்கி, ஏன் பஸ்ஸில் போகிறோம்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நகருக்குள் போவோம்.

மேல் வாசலில் இறங்கி

வழக்கமாகப் பஸ்கள் பயணிகளை மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலுக்குச் சென்று காத்திருக்கும். ஆகவே நடப்பதெல்லாம் இறக்கத்தில்தான். ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம். நிழல் அதிகமில்லை, தொப்பி அவசியம். காலடியில் பளிங்குக் கற்கள். ஈராயிரம் ஆண்டுகளாக மனிதப் பாதங்கள் தேய்த்துத் தேய்த்து அவற்றை வழுவழுப்பாக்கியிருக்கின்றன. தேய்த்தவர்களில் நீங்களும் ஒருவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த இடத்துக்கு நகரம் வந்து சேர்ந்ததே ஒரு கதை. அலெக்சாந்தருடைய தளபதிகளில் ஒருவரான லிசிமாக்கஸ், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் இங்கே மதில் எழுப்பிப் புதிய நகர் அமைத்தார். பழைய ஊர் மக்களோ வீடு மாற்ற விரும்பவில்லை. லிசிமாக்கஸ் அவர்களோடு வாதாடவில்லை. பெருமழை ஒன்று வரும்வரை காத்திருந்து, பழைய ஊரின் சாக்கடைகளை அடைத்துவிட்டார்! ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். இதை எழுதி வைத்திருப்பவர் ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர். அவரை மறுபடியும் சந்திப்போம்.

தூண்கள், நீரூற்று மண்டபம், சிறு கோயில், வரிசையாக அமர்ந்து பயன்படுத்திய பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றையெல்லாம் வழிகாட்டி காட்டிக்கொண்டே போவார். கழிப்பிடத்தின் முன்தான் எல்லோரும் புகைப்படம் எடுப்பார்கள். நாம் சற்று வேகமாக நடந்து நூலகத்துக்கு வருவோம்.

கண்ணை ஏமாற்றும் கட்டடம்

தெருவின் இறக்கம் முடியும் இடத்தில் இரண்டு அடுக்குத் தூண்களோடு ஒரு முகப்பு எழுந்து நிற்கிறது. இதுதான் செல்சஸ் நூலகம். ஆசியா மாநிலத்தின் ஆளுநராக இருந்த செல்சஸ் என்பவரின் நினைவாக அவருடைய மகன் அக்விலா கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியது. தந்தையின் கல்லறை நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. மேலே புத்தகச் சுருள்கள், கீழே அவற்றின் பெயரால் நினைக்கப்படும் மனிதர்!

முகப்பை உற்றுப் பாருங்கள். இருபுறமும் வேறு கட்டடங்கள் நெருக்கியதால் கட்டடக் கலைஞருக்குக் கிடைத்த இடம் குறுகியது. ஆனால் முகப்பு அகலமாகத் தோன்றுகிறது அல்லவா? நடுவிலுள்ள தூண்களையும் அவற்றின் தலைப்பகுதிகளையும் ஓரத்துத் தூண்களைவிடச் சற்றுப் பெரியனவாகச் செதுக்கியிருக்கிறார்கள். அடித்தளமும் நேர்கோடாக இல்லை, நடுவில் இலேசாக உயர்ந்திருக்கிறது. தூரத்துப் பொருள் சிறியதாகத் தெரியும் என்று பழகிய நம் கண், சிறிய ஓரத் தூண்களைத் தொலைவில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது.

முகப்பு கிழக்கு நோக்கியிருப்பதும் தற்செயல் அல்ல. நூலகங்கள் காலை ஒளி படும்படி அமைய வேண்டும் என்பது ரோமர்கள் எழுதி வைத்த விதி. சுவடிச் சுருள்களை ஈரம் தாக்காமலிருக்கச் சுவரை இரட்டையாக எழுப்பி, நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள். ஓலைச்சுவடிகளைக் காக்கப் பாடுபட்ட நம்மவர்களுக்கு இந்தக் கவலை நன்கு புரியும்.

நீங்கள் பார்க்கும் முகப்பு அப்படியே நின்று நிலைத்ததல்ல. நிலநடுக்கங்களில் சரிந்து, துண்டு துண்டாகக் கிடந்தது. 1895 முதல் இங்கே அகழ்ந்துவரும் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் 1970க்கும் 1978க்கும் இடையில் அந்தத் துண்டுகளைப் பொருத்தி மீண்டும் நிறுத்தினார்கள். காணாமற்போன பகுதிகளில் மட்டும் புதுக்கல்லும் காரையும் சேர்ந்திருக்கின்றன. எது பழையது, எது புதியது என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள்.

எங்கே போயிற்று கடல்?

நூலகத்திலிருந்து சிறிது தூரத்தில் மலைச்சரிவைக் குடைந்து கட்டிய பெரிய அரங்கம். சுமார் 25,000 பேர் அமரலாம். படிகளில் ஏறி, பாதி உயரத்தில் நின்று மேற்கே திரும்புங்கள்.

அரங்கின் எதிரேயிருந்து ஒரு நேரான சாலை புறப்படுகிறது. சுமார் 500 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம், இருமருங்கிலும் தூண்கள். இரவில் இச்சாலையில் விளக்குகள் எரிந்தன என்று ஒரு கல்வெட்டு சொல்கிறது. கடல் கடந்து வந்த வணிகர்களும் அதிகாரிகளும் துறையில் இறங்கி இவ்வழியேதான் நகருக்குள் நுழைந்தார்கள். இப்போது சாலையின் மறுமுனையைப் பாருங்கள். புதரும் நாணலும்தான் தெரிகின்றன. அதற்கப்பால் வயல்கள். கடல் இன்று அங்கிருந்து ஐந்து, ஆறு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது.

கடல் வற்றவில்லை. நிலம்தான் வளர்ந்தது. வளர்த்தது ஓர் ஆறு. அன்று அதன் பெயர் காயிஸ்ட்ரோஸ், இன்று கூச்சுக் மெண்டெரெஸ். மழைக்காலத்தில் மலைச்சரிவுகளிலிருந்து அது மண்ணை வாரிக்கொண்டு வரும். காட்டை வெட்டி, நிலத்தை உழுது, ஆடு மேய்த்த மனிதர்கள் அந்த மண்ணின் அளவைக் கூட்டினார்கள். கடலைத் தொட்டதும் ஆற்றின் வேகம் அடங்குகிறது. வேகம் குறைந்த நீரால் மண்ணைச் சுமக்க முடியாது, கீழே போட்டுவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் களிமண் கரைத்த நீரைச் சம அளவு ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலக்கி, இரண்டையும் அசையாமல் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் உப்புத் தம்ளர் தெளிந்துவிடும். மற்றதோ கலங்கலாகவே இருக்கும். களிமண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நீரில் மிதக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கு விசையைத் தணிக்கவே, துகள்கள் ஒன்றுகூடி, கனத்து, அடியில் தங்குகின்றன. ஆற்றுநீர் கடல்நீரைச் சந்திக்கும் இடத்தில் நாள்தோறும் நடப்பது இதுவே.

ஒரு கணக்குப் போடுவோம். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளில் 5 கிலோமீட்டர் என்றால் ஆண்டுக்கு இரண்டரை மீட்டர். ஒரு கட்டிலின் நீளத்தைவிடச் சற்று அதிகம். ஒரே சீராக நடந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மனிதன் தன் வாழ்நாளிலேயே கரை நகர்வதைப் பார்த்திருப்பான். எபேசஸ் சமவெளி ஆற்று வண்டலால் உண்டானது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரடோட்டஸ் எழுதிவிட்டார். பாண்டியரின் முத்துத் துறையான கொற்கையும் இப்படித்தான் தாமிரபரணியின் வண்டலால் கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது.

அரசர் கட்டிய தடுப்புச் சுவர்

எபேசஸ் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அட்டலஸ் என்ற அரசர், துறைமுக வாய் மிகவும் அகலமாக இருப்பதுதான் குறை என்று நினைத்தார். அதைக் குறுக்கினால் நீர் ஆழமாகும், பெரிய சரக்குக் கப்பல்கள் வரலாம். பொறியாளர்களும் தலையாட்டினார்கள். வாயில் ஒரு தடுப்புச் சுவர் எழும்பியது.

நடந்தது நேர்மாறு! அதுவரை கடல்நீரின் ஏற்ற இறக்கம் வண்டலில் ஒரு பகுதியை வெளியே இழுத்துச் சென்றுகொண்டிருந்தது. சுவர் வந்ததும் வண்டல் உள்ளேயே சிக்கியது. துறைமுகம் முழுவதும் மேடாயிற்று. இதையும் நமக்குச் சொல்பவர் ஸ்ட்ராபோவே. அரசரும் பொறியாளர்களும் தவறு செய்தார்கள் என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

பிறகு வந்த ரோமர்கள் தூர் வாரினார்கள். பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் ஆற்றையே திசை திருப்பினார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு ஆளுநர் ஒருவரின் ஆணை கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது: துறை மேடையில் மரங்களை அடுக்கக் கூடாது, அங்கே பளிங்குக் கற்களை அறுக்கவும் கூடாது. ஏன் தெரியுமா? அக்காலத்துக் கல்லறுக்கும் வாளுக்குப் பல் கிடையாது. வாளுக்கடியில் கடினமான எமரி மணலைத் தூவி, முன்னும் பின்னும் இழுப்பார்கள். மணல்தான் கல்லைத் தின்னும். அறுத்து முடித்ததும் அந்த மணல் எல்லாம் துறைமுகத்துக்குள்! எமரியில் உள்ள கடினமான கனிமத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயர் நம்முடைய 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனது. பளிங்கின் கடினம் 3, குருந்தத்தின் கடினம் 9 என்று பாடத்தில் படித்திருப்பீர்கள்.

இவ்வளவும் நமக்கு எழுத்திலிருந்து தெரிகிறது. மண்ணே தரும் சாட்சியும் உண்டு. புவியியல் ஆராய்ச்சியாளர்கள் சமவெளியில் பல இடங்களில் துளையிட்டு, நீண்ட உருளை உருளையாக மண்ணை வெளியே எடுத்தார்கள். ஆழத்தில் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகள், மேலே உவர்நீரில் வாழ்பவற்றின் ஓடுகள், அதற்கும் மேலே நன்னீர்ச் சதுப்பு உயிர்களின் ஓடுகள். அவற்றோடு கிடைத்த தாவரத் துணுக்குகளின் வயதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணக்கிட்டால், கரை எந்த நூற்றாண்டில் எங்கே இருந்தது என்பது வரைபடமாகிவிடும். துறைமுக வண்டலில் ரோமர் காலத்து ஈய மாசும் தெரிகிறது.

தோல்வி மெல்ல மெல்ல வந்தது. துறைமுகத்துக்கும் கடலுக்கும் இடையே ஒரு கால்வாயைப் பல நூற்றாண்டுகள் தோண்டித் தோண்டிக் காப்பாற்றினார்கள். ஆறு முன்னே போகப் போகக் கால்வாயும் நீண்டது. கடைசியில் துறைமுகம் குட்டையாயிற்று, குட்டை சதுப்பாயிற்று. கொசு பெருகியது. வணிகம் போயிற்று. எஞ்சிய மக்கள் அருகிலுள்ள குன்றுக்குக் குடியேறினார்கள். இன்றைய செல்சுக் ஊர் அங்கேதான் இருக்கிறது. மேலே வேறு நகரம் எழாததால்தான் எபேசஸ் நமக்குக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

மண்ணுக்குள் ஓர் அதிசயம்

கீழ் வாசலில் பஸ் காத்திருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் மிச்சமிருந்தால் வழிகாட்டி உங்களை ஒரு நீர் தேங்கிய பள்ளத்துக்கு அழைத்துச் செல்வார். ஒரே ஒரு தூண், அதன் உச்சியில் நாரைக்கூடு. பலர் ஏமாந்து போவார்கள். பண்டைய உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றான ஆர்ட்டிமிஸ் கோயில் இருந்த இடம் இது!

இந்த இடம் எங்கே என்பதே மறந்து போயிருந்தது. ஜான் டர்ட்டில் வுட் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர், துருக்கியில் ரயில் நிலையங்கள் கட்டும் வேலைக்கு வந்தவர், 1863இல் தேடத் தொடங்கினார். ஆண்டுகள் கழிந்தும் பலனில்லை. பிறகு, நாம் சற்றுமுன் நின்ற அரங்கில் அவருக்கு ஒரு நீண்ட கல்வெட்டு கிடைத்தது. கோயில் திருமேனிகள் ஊர்வலமாக எந்த வாசல் வழியே அரங்குக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வாசலைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து சென்ற கல் பாவிய சாலையை மண்ணுக்குள் அடி அடியாகத் தொடர்ந்தார். 1869 டிசம்பர் 31ஆம் நாள் கோயிலின் தளம் தட்டுப்பட்டது. சுமார் 6 மீட்டர் ஆழத்தில்! துறைமுகத்தைப் போலவே கோயிலையும் வண்டல் மூடியிருந்தது.

போதும், மணியாகிவிட்டது. பஸ்ஸில் ஏறுங்கள். குஷாதாசி சாலை மேற்கே சமவெளியில் இறங்குகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஓடி மறையும் தோட்டங்களையும் வயல்களையும் கவனியுங்கள். வேகமானி மணிக்கு 60 கிலோமீட்டரைக் காட்டினால், பழைய துறைமுகத்துக்கும் இன்றைய கடற்கரைக்கும் உள்ள தூரத்தைக் கடக்க ஐந்தாறு நிமிடம்தான். அந்த ஐந்தாறு நிமிடமும் உங்கள் பஸ் ஓடுவது கப்பல்கள் வந்துபோன நீர்ப்பரப்பின் மேல்.