ஈயத்தை அளப்பதும் ஓட்டிசத்தை அறிவதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பாலான ஊர்களைப் போலவே நீர்வேலியும் ஆறு பாயாத ஊர். சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணற்றின் வழியாக வாழைத் தோட்டத்துக்கும் அடுப்படிக்கும் வந்து சேர்வதால், நிலத்தில் கொட்டப்படுவது எதுவாயினும் ஒருநாள் குடிநீரில் தலைகாட்டும் என்னும் அச்சம் இங்கு காரணமற்றதன்று. மேற்கேயுள்ள சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தகைய சூழலில், பேச்சுப் பிந்திய பிள்ளைக்கு ஓட்டிசம் என்று வைத்தியர் கூறியதும், நஞ்சேதும் உடம்பில் ஏறியிருக்குமோ என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பே. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கணித்ததால், இவ்வையம் ஒரு சில வீடுகளுக்கு மட்டும் உரியதன்று.

ஈயம், பாதரசம், ஆர்செனிக், கட்மியம் முதலியவை பொதுவாகப் பார உலோகங்கள் எனப்படுகின்றன. பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயமும் மூளையைத் தாக்கும் காரீயமும் தமிழில் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்வதால், இங்கு ஈயம் என்பது காரீயத்தையே குறிக்கும். உடம்புக்குள் வந்த ஈயம் குருதியில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எலும்பிலோ பல்லாண்டுகள் தங்கும். ஆகவே குருதிச் சோதனை அண்மைக்கால ஏற்றத்தையே பெரிதும் காட்டுகிறது. ஒரு டெசிலீற்றர் குருதியில் 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவுறுத்தியது.

தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், மீனின் வழியாக வரும் மெதைல் பாதரசத்தை அதில் ஓரளவு நம்பி அளக்கலாம். ஆயினும் ஈயத்தைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து படிந்த தூசி எது, உள்ளிருந்து வந்தது எது என்று பிரித்தறிவது கடினம். ஆர்செனிக்கைச் சிறுநீரில் அளக்கையில் வேறொரு பொறி உண்டு: நண்டும் இறாலும் இட்ட ஒடியற்கூழைக் குடித்த மறுநாள், கடலுணவிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் சேர்மமே மொத்த எண்ணை உயர்த்திக் காட்டிவிடும். அதனால் சோதனைக்குச் சில நாள் முன்னரே கடலுணவை நிறுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய ஏமாற்று, மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சோதிப்பது. நண்டின் கொடுக்குப் போல உலோகத்தைக் கவ்வி வெளியேற்றும் மருந்தைக் கொடுத்தால் எவருடைய சிறுநீரிலும் உலோகம் கூடும். அந்த எண்ணை, மருந்து உண்ணாதவர்களுக்குரிய அளவோடு ஒப்பிட்டு ‘நஞ்சு மிகுந்துள்ளது’ என்று அறிக்கை தருவது அறிவியலாகாது. அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010இல் இம்முறையை நிராகரித்தது. அத்தகைய மருந்துகளுள் ஒன்று உடம்பின் கல்சியத்தையும் கவ்விக்கொண்டதால், 2005இல் பென்சில்வேனியாவில் ஓட்டிசமுள்ள 5 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். இம்மருந்துகளை ஓட்டிசத்துக்குப் பரிசோதிக்க அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் வகுத்த திட்டம், பயனைவிட ஆபத்தே மிகுதி எனக் கண்டு 2008இல் கைவிடப்பட்டது.

கடந்த காலத்தை அளக்கும் நேரிய வழி பாற்பல்லில் உள்ளது. மரத்தின் ஆண்டு வளையம் போலப் பல்லும் படலம் படலமாக வளர்கிறது. பிறந்த வேளை அதில் ஒரு கோடாகவே பதிகிறது. விழுந்த பற்களை லேசர் கதிரால் நுண்ணிதாகச் சுரண்டி ஆராய்ந்த நியூயோர்க் ஆய்வாளர்கள், சுவீடன் நாட்டு இரட்டையரில் ஓட்டிசமுள்ளவரின் பல்லில் ஈயம் கூடியும் நாகமும் மங்கனீசும் குறைந்தும் இருந்ததை 2017இல் வெளியிட்டனர். ஈயமே ஓட்டிசத்தை உண்டாக்கிற்று என்பதற்கு அது நிறுவலன்று; உலோகத்தை உடம்பு கையாளும் விதமே இவர்களிடம் வேறுபட்டிருக்கவும் கூடும். பால் குடிக்கும் பருவம் கடந்த பின்னர், மண்ணையும் உதிர்ந்த வண்ணப்பூச்சையும் வாயிலிடும் பழக்கம் ஓட்டிசமுள்ள பிள்ளைகளிடம் மிகுதியாதலால், குருதியில் காணும் ஈயம் ஓட்டிசத்தின் காரணமாக அன்றி அதன் விளைவாகவும் இருக்கலாம்.

கிணற்றின் மீது ஐயமிருந்தால் கிணற்று நீரைத்தான் சோதிக்க வேண்டும். குடாநாட்டின் தோட்டப்புறக் கிணறுகளில் நன்கு அறியப்பட்ட சிக்கல் உரத்தால் வரும் நைத்திரேற்றே. பிள்ளை மண்ணோ வண்ணப்பூச்சோ தின்னுமாயின், மருந்தெதுவும் கொடுக்காமல் நாளத்திலிருந்து எடுத்த குருதியில் ஈயத்தை அளக்குமாறு பெற்றோர் வைத்தியரிடம் கேட்கலாம். அவ்வெண் உயர்ந்திருப்பினும் தாழ்ந்திருப்பினும், பேச்சுப் பயிற்சியை ஒருநாளும் தள்ளிப்போட வேண்டாம்.