சென்னையைக் கலக்கிய எம்டன்

துணிச்சலும் தந்திரமும் மிக்கவனைத் தமிழ்நாட்டில் "சரியான எம்டன்!" என்பார்கள். எம்டன், 1908-ல் ஜெர்மானியர் கடலில் இறக்கிய போர்க்கப்பலின் பெயர்!

முதல் உலக யுத்தத்தில் தளபதி முல்லர், பிரிட்டிஷ் கப்பல்போல் தோன்றுவதற்காக அதில் போலிப் புகைபோக்கி ஒன்றை மாட்டினார். பல சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார்; ஆனால் அவற்றின் மாலுமிகளை உயிரோடு அனுப்பிவைத்தார்.

1914 செப்டம்பர் 22, இரவு. சென்னைத் துறைமுகத்தருகே எம்டனின் பீரங்கிகள் முழங்கின. சுமார் 130 குண்டுகள்! பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. சிலர் மாண்டனர். பீதியடைந்த மக்கள் ஊரைவிட்டே ஓடினர்.

நவம்பர் 9-ல் கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனது எம்டன். அதற்குள் ஊழியர்கள் அபாயச் செய்தி அனுப்பிவிட்டனர். விரைந்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி'யின் பெரிய பீரங்கிகள் எம்டனை நொறுக்கின. மூழ்காதிருக்க முல்லர் கப்பலைப் பவழப் பாறையில் ஏற்றினார். அவருடைய ஆட்களில் 130 பேருக்கு மேல் மாண்டனர்.

கப்பல் அழிந்தது, பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.