கடல் கடந்த தேனீயும் கைநழுவிய அமானிதமும்



திருக்குர்ஆனின் 16-ஆவது அத்தியாயத்திற்கு 'அந்நஹ்ல்' - தேனீ - என்று பெயர். மதரஸாவில் ஓதும் நம் வீட்டுப் பிள்ளைகளும் இதை அறிவர். தேனீ என்றதும் நம் நினைவுக்கு வருவது தேன். ஆனால், மனிதன் எடுத்துண்ணும் அளவுக்குத் தேன் சேர்க்காத, எனினும் அவனுடைய உணவோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு தேனீ இனத்தையும் வல்ல அல்லாஹ் படைத்திருக்கிறான். அதுவே 'பம்பிள் தேனீ'.

பருத்த உடல், அதன்மேல் கம்பளி போர்த்தாற்போல் அடர்ந்த ரோமம். உலகில் 250-க்கும் மேற்பட்ட வகைகள் இதில் உண்டு. பெரும்பாலும் குளிர்ப் பிரதேசங்களே இதன் இருப்பிடம். நம் நாட்டில் காஷ்மீர் முதலான இமயமலைப் பகுதிகளில் வாழ்கிறது. நம் ஊர்களில் மர உத்தரங்களைத் துளைக்கும் கருவண்டு வேறு இனம்.

ராணியின் தனிமை

குளிர்காலம் நெருங்கும்போது, குளிர்நாடுகளில் இக்கூட்டம் முழுவதும் மடிந்துவிடும். கருவுற்ற இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் புதைந்து உறங்கும். வசந்தம் பிறந்ததும் ராணி தன்னந்தனியே வெளிவந்து, பெரும்பாலும் எலி கைவிட்ட பழைய வளையைத் தேடிக் குடிபுகும். மெழுகால் சிறு கிண்ணம் செய்து தேனை நிரப்பும். முட்டைகளின்மேல் படுத்து, சிறகுத் தசைகளை நடுங்கச் செய்து, அந்த வெப்பத்தால் அடைகாக்கும். ஒரு தாயின் உழைப்பிலிருந்தே ஒரு குடும்பம் முழுவதும் தோன்றுகிறது!

இதே நடுக்கம் வேறொரு பணிக்கும் உதவுகிறது. தக்காளிப் பூவின் மகரந்தம், நுனியில் துளையுள்ள பைகளுக்குள் அடைபட்டிருக்கும். பம்பிள் தேனீ பூவைக் கவ்விப் பிடித்து ரீங்காரத்துடன் அதிர, மகரந்தம் உதிர்கிறது. சாதாரணத் தேனீக்கு இவ்வித்தை தெரியாது. 1985-இல் ரோலண்ட் டி யோங்க் என்ற பெல்ஜிய நாட்டுக் கால்நடை மருத்துவர், கண்ணாடிக் கூடங்களில் வளரும் தக்காளிக்கு இத்தேனீ எவ்வளவு பயன்படும் என்பதைக் கண்டறிந்தார். அதன்பின் இதனைப் பெட்டிகளில் வளர்த்து விற்பது உலகளாவிய தொழிலாயிற்று.

ஒரு கடற்பயணம்

நியூஸிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர், கால்நடைத் தீவனத்திற்காகச் 'சிவப்புக் குளோவர்' என்னும் செடியைத் தம் நாட்டிலிருந்து கொண்டுசென்று பயிரிட்டனர். செடி செழித்தது, விதையோ போதிய அளவு பிடிக்கவில்லை. அப்பூவின் குழல் ஆழமானது. அதன் அடிவரை எட்டும் நீண்ட நாவுடைய தேனீ அங்கே இல்லை. எனவே 1885-இல் இங்கிலாந்திலிருந்து பம்பிள் ராணிகளைக் குளிரூட்டிய கப்பல்களில் ஏற்றி அனுப்பினர். பெரும்பாலானவை வழியிலேயே மாண்டன. பிழைத்தவை காண்டர்பரி பகுதியில் விடப்பட்டன. நான்கு வகைகள் அம்மண்ணில் வேரூன்றின. குளோவரும் விதை தந்தது.

இனிதான் வியப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் இரசாயன உரம் பெருகியது. மண்ணுக்கு வளம் சேர்த்த குளோவர் தேவையற்றதாகிவிட்டது. பூ நிறைந்த புல்வெளிகள் உழப்பட்டன. அந்த நான்கு வகைகளுள் ஒன்றான குட்டைமுடிப் பம்பிள் தேனீ, 1988-இல் கென்ட் மாவட்டத்து டஞ்சனெஸ் கடற்கரையில் கடைசியாகக் காணப்பட்டது. 2000-இல், நாட்டிலிருந்தே அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தாய்நாட்டில் மறைந்தது, அந்நிய மண்ணில் வாழ்ந்துகொண்டிருந்தது!

நியூஸிலாந்திலிருந்தே அதைத் திரும்பக் கொணர எண்ணினர். ஆனால், அங்குள்ளவை மிகச் சில ராணிகளின் வழித்தோன்றல்களாதலால் மரபு வளம் குன்றியிருந்தன. ஆகவே 2012-இல் சுவீடனிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்து டஞ்சனெஸில் விட்டனர். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முயன்றனர். எனினும் அவ்வினம் நிலைபெறவில்லை. ஆனால், அதற்கென விவசாயிகள் மீண்டும் வளர்த்த பூவெளிகளில், அருகிவந்த வேறு சில பம்பிள் இனங்கள் பெருகின. அழிப்பது எளிது, மீட்பது எத்தனை கடினம் பார்த்தீர்களா?

சிலி தரும் எச்சரிக்கை

1990-களின் இறுதியில், பயிர் மகசூலுக்காகச் சிலி நாடு ஐரோப்பியப் பம்பிள் தேனீயை இறக்குமதி செய்தது. அது ஆண்டீஸ் மலையைக் கடந்து 2006-இல் அர்ஜென்டினாவையும் அடைந்தது. அது பரவிய இடங்களிலெல்லாம், உலகின் மிகப் பெரிய பம்பிள் தேனீயான அந்நாடுகளின் சொந்த இனம் அருகியது. வந்தேறிகள் சுமந்துவந்த நோய்க் கிருமிகளும் இதற்குக் காரணமாயிருக்கலாம் என அறிஞர்கள் கருதுகின்றனர். ஓரிடத்தில் நன்மையாயிருப்பது, இடம் மாறினால் தீமையாகவும் ஆகலாம்.

நமக்குரிய பாடம்

சிந்தியுங்கள்! குழலுக்கேற்ற நாவையும், பூட்டிய பூவுக்கு ஏற்ற அதிர்வையும் படைத்தவன் அதனதன் இடத்தில் அமைத்திருக்கிறான். அந்தச் சமநிலை நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பம்பிள் தேனீ தமிழகத்துச் சமவெளியில் இல்லை. ஆனால், நாம் விரட்டியடிக்கும் அந்தக் கருவண்டு, கத்தரிப் பூவை இதே முறையில் அதிரச் செய்து காய்க்க உதவுகிறது.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்குத் தர்மமாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். எனவே, தாய்மார்களே, கொல்லையில் நான்கு பூச்செடிகளுக்கு இடம் கொடுங்கள். விவசாயம் செய்யும் சகோதரர்களே, செடி பூத்திருக்கும் வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதைத் தவிருங்கள். அமானிதத்தைப் பேணியவர்களாக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.