சிறிய திரையிலும் நிரல் எழுதலாம்: பக்கப் பட்டையை அடக்கி வைப்பது எப்படி?

கேமரன் மலை - தோட்ட வீட்டிலோ தானா ராத்தா பட்டணத்திலோ, அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினியில் நிரலாக்கம் கற்கும் பிள்ளைக்கு முதல் தொல்லை திரையின் அகலம்தான். வரிகள் உடைந்து தெரிந்தால், "இந்தக் கணினி உதவாது" என்று பாடத்தையே விட்டுவிடத் தோன்றும். ஆனால், குறை பல நேரங்களில் கணினியில் இல்லை, அமைப்பில்தான் இருக்கிறது.

1991-இல் வெளிவந்த 'விம்' இலவச உரைத் தொகுப்பி. பழைய கணினியிலும் இது தடையின்றி ஓடும். இதற்காக ஏகப்பன் லட்சுமணன் எழுதிய 'டேக்லிஸ்ட்' செருகுநிரல், கோப்பில் உள்ள செயற்கூறுகளின் பெயர்களை ஒரு பக்கப் பட்டையில் வரிசைப்படுத்திக் காட்டும். வேண்டிய பெயரில் என்டர் விசையைத் தட்டினால், அந்த இடத்துக்கே போய்விடலாம்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. முனையத் திரையின் வழக்கமான அகலம் 80 எழுத்து. பட்டை 30 எழுத்தையும் நடுக்கோடு ஒன்றையும் எடுத்துக்கொண்டால், நிரலுக்கு மிஞ்சுவது 49 மட்டுமே. அதைவிட நீண்ட வரிகள் மடிந்து அடுத்த வரிக்கு இறங்கும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, விம் அமைப்புக் கோப்பில் 'டிலிஸ்ட்_வின்விட்த்' மதிப்பை 20 ஆக்கலாம். நிரலுக்கு 59 எழுத்து கிடைக்கும். நீண்ட பெயரைப் படிக்க, பட்டைக்குள் 'எக்ஸ்' விசையை அழுத்தினால் அது விரியும். மீண்டும் அழுத்தினால் சுருங்கும்.

இரண்டாவது, 'டிலிஸ்ட்_யூஸ்_ஹோரிஸ்_விண்டோ' மதிப்பை 1 ஆக்கினால், பட்டை பக்கவாட்டில் நிற்காமல் கிடைமட்டமாகப் படுத்துக்கொள்ளும். அகலம் முழுவதும் நிரலுக்கே. உயரத்தில் 10 வரிகளை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, 'டிலிஸ்ட்டாகிள்' கட்டளையை ஒரு விசைக்கு ஒதுக்கி, தேவைப்படும்போது மட்டும் பட்டையைத் திறந்து மூடலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு சாளரத்தைத் திறந்தாலோ மூடினாலோ, மற்ற சாளரங்களை விம் சம அளவாக்கிவிடும். அப்போது பக்கப் பட்டையும் திடீரென வீங்கலாம். அந்தப் பட்டைக்கு மட்டும் 'வின்ஃபிக்ஸ்விட்த்' அமைப்பைப் போட்டால் அகலம் மாறாது.

'விஷுவல் ஸ்டூடியோ கோட்' பயன்படுத்துவோருக்கு வழி இன்னும் எளிது. 'கண்ட்ரோல்', 'பி' விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பட்டை மறையும். மறுபடி அழுத்தினால் திரும்பும்.

புதிய கணினி கேட்கும் பிள்ளையிடம், முதலில் இந்த அமைப்புகளை ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம்.