நரம்பின் குரல்

உடலில் ஓடுவதற்கும் யாழிற் கட்டுவதற்கும் நரம்பு என்னும் ஒரே சொல்லைத் தமிழர் வழங்கினர். அச்சொல் முற்றும் பொருந்தும் கருவியொன்று ஐரோப்பாவிலும் உண்டு. அதுவே லூற். அரபு மக்களின் ‘ஊத்’ என்னும் கருவியின் வழித்தோன்றலாகிய இது, பிளந்த பேரிக்காய் போன்ற உடலும் பின்னோக்கி மடிந்த தலையும் உடையது. ஆட்டுக் குடலைக் கழுவி, முறுக்கி, உலர்த்திச் செய்த நரம்புகளே இதற்குப் பூட்டப்பட்டன. கழுத்திலுள்ள மெட்டுகளுங்கூட அந்நரம்பாற் கட்டியவையே.

இந்நரம்பைப் பேணுதல் எளிதன்று. ஈரம் பட்டாற் சுருதி கலையும். மெல்லிய முதல் நரம்பு அடிக்கடி அறும். எண்பது வயதுவரை வாழ்ந்த லூற் கலைஞன் அறுபது ஆண்டுகளைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பான் என்று ஜேர்மன் இசையறிஞர் மத்தெசோன் 1713இல் நகையாடினார். கேம்பிறிட்ஜிலே பாடகராயிருந்த தோமஸ் மேஸ் 1676இல் வெளியிட்ட நூலில் ஒரு வழி கூறுகின்றார்: பகலிற் கருவியை நாளும் பயன்படும் படுக்கையிலே, மேல்விரிப்புக்கும் கம்பளிக்கும் இடையே வைத்தல் வேண்டும், வியர்வையீரம் படுமாதலால், உள்விரிப்புகளுக்கிடையே வைத்தலாகாது. குழந்தையைப் பேணுவதுபோலன்றோ பேணியிருக்கின்றனர்!

பதினெட்டாம் நூற்றாண்டின் பின் வழக்கொழிந்த லூற், ஆணல்ட் டொல்மெச் போன்றோர் முயற்சியால் மீண்டும் உயிர்பெற்றது. அவர் 1893இல் தமது முதல் லூற்றை அமைத்தார். இரண்டாம் உலகப்போரின் பின் நைலோன் நரம்பு பரவிற்று. விலை குறைவு, அறுவதும் அரிது. அங்ஙனமாயின், கலைஞர் சிலர் குடல் நரம்பையே மீண்டும் நாடுவதேன்?

பழமைப் பற்று மட்டும் காரணமன்று. நைலோன் குடலினும் அடர்த்தி குறைந்தது. ஆகவே, அதே சுருதியையும் இறுக்கத்தையும் பெற அது பருத்திருத்தல் வேண்டும். பருமன் கூடினால் ஒலியின் தெளிவு மங்கும். குடல் நரம்பின் சற்றே சொரசொரப்பான மேற்பரப்பு விரல் நுனிக்கு நல்ல பிடி தரும். உலோகம் சுற்றிய இக்காலத் தாழ்நரம்பின் ஒலி நெடிது நின்று அடுத்த சுரத்தோடு கலக்கும். குடலின் ஒலியோ விரைவில் அடங்கும். ஜோன் டௌலண்டின் இசையிலே ஒருங்கே நடக்கும் பல குரல்கள் தனித்தனியே செவிக்குப் புலனாவதற்கு அவ்வடக்கம் துணைசெய்கின்றது. குறையெனத் தோன்றியதே குணமாயிற்று.

ஊர்தோறும் சென்று வாசிப்போர் செயற்கை நரம்பை நாடுவதைக் குறைகூறல் தகாது. குடலின் அடர்த்திக்கு நிகரான செயற்கை நரம்புகளும் இன்று உள. ஆயினும், ஒப்பு நோக்குவதற்கு மூலக்குரல் எங்கேனும் ஒலித்தல் வேண்டுமன்றோ? மரவுடல் நூற்றாண்டுகள் கடந்தும் அருங்காட்சியகத்திற் கிடக்கும், நரம்போ அழிந்துபடும். அதனோடு குரலும் போம்.

அவ்விழப்பை அறிந்தவர் நாம். யாழ் மறைந்தபின், பழைய நூல்களைத் துணைக்கொண்டே விபுலாநந்த அடிகள் அதன் இயல்பை ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். லூற் கலைஞர்க்குக் கருவியும் உண்டு. நரம்பு செய்யும் கைத்தொழிலும் இன்னும் உண்டு. அறுந்த நரம்பை மீண்டும் மீண்டும் மாற்றும் அவர்தம் பொறுமையின் பொருள் நமக்கு விளங்காமற் போகாது.