ஓய்விலும் உழைக்கும் மூளை

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரில், டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையமாக விளங்கி, டிரான்சிஸ்டரை உலகுக்கு அளித்த பெல் லாபரட்டரீஸில்தான், காந்தத்தைக் கொண்டு மூளையின் தொழிலைப் படம் பிடிக்கும் முறையும் பிறந்தது. ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்று அங்கே பணியாற்றிய செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, வலிமை மிக்க காந்தத்தினுள் எலியை வைத்து அதன் மூளையைப் படமெடுத்தபோது, அது சாதாரணக் காற்றைச் சுவாசிக்கையில் இரத்த நாளங்கள் கரிய கோடுகளாகத் தோன்றியதையும், சுத்தப் பிராணவாயுவைச் சுவாசித்தவுடன் அக்கோடுகள் மறைந்ததையும் கண்டு 1990-ல் வெளியிட்டார்.

இதன் காரணம் இரத்தத்தின் சுபாவத்தில் இருக்கிறது. பிராணவாயுவை இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைச் சிறிது குலைக்கும். பிராணவாயுவைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினோ அவ்வாறு குலைப்பதில்லை. இந்த வேற்றுமையை லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியெல்லும் 1936-லேயே கண்டிருந்தார்கள். மூளையின் ஒரு பகுதி ஊக்கமாக வேலை செய்யும்போது அதற்கு வேண்டியதைக் காட்டிலும் அதிகமான புது இரத்தம் அங்கே பாய்வதால், அவ்விடம் படத்தில் சற்றே பிரகாசிக்கிறது. நாம் ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்ளும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூளையின் உருவத்தைக் காட்டுகிறது என்றால், சாய மருந்து எதையும் ஊசியால் ஏற்றாமல், எக்ஸ்ரே கதிரும் படாமல், அதே இயந்திரம் அதன் தொழிலையும் காட்டத் தொடங்கியது. 1992-ல் மனிதர்களிடமும் இது நிரூபணமாயிற்று.

ஆனால் நோயாளி விஷயத்தில் ஒரு பெரிய சங்கடம் இருந்தது. விரலை அசை, சொல்லை நினை என்று கட்டளையிட்டு, அதைச் செய்யும் வேளையில் படமெடுப்பதே வழக்கம்; மறதி நோய் முற்றியவரோ பக்கவாதத்தால் வீழ்ந்தவரோ அக்கட்டளையை எவ்வாறு நிறைவேற்றுவார்? யாருடைய மூளையை அறிய வேண்டியது மிக அவசியமோ, அவரே பரிசோதனைக்கு அப்பாற்பட்டவராக நின்றார்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி பிறந்தது. மில்வாக்கி நகரில் மாணவராயிருந்த பரத் பிஸ்வால், இப்படங்களின் பிரகாசத்தில் காணப்பட்டு, எல்லோரும் வெறும் இரைச்சல் என்று கழித்துத் தள்ளிய மிக மெதுவான ஏற்ற இறக்கங்களை, அதாவது ஒரு முறை ஏறி இறங்கப் பத்து விநாடிக்கு மேல் பிடிக்கும் அலைகளை, ஆராய்ந்து 1995-ல் ஒரு முடிவை வெளியிட்டார். கையை அசைக்காமல் சும்மா படுத்திருப்பவரிடத்திலும், கைகளை இயக்கும் இடப் பகுதியும் வலப் பகுதியும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன! எட்டி எட்டி இருக்கும் இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் ஒரே சமயத்தில் உயர்ந்து தாழ்ந்தால், அடியில் ஊற்று ஒன்றே என்று நாம் ஊகிப்பதில்லையா? இது மூச்சின் விளைவு, நாடித் துடிப்பின் விளைவு என்று ஐயுற்றவர் பலர். அந்தச் சந்தேகம் தீரப் பல ஆண்டுகள் ஆயின. உடலின் எடையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, உடலின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது என்பதையும், கடினமான வேலை கொடுத்தாலும் அச்செலவு மிகச் சொற்பமாகவே கூடுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தால், அந்த ஓய்வுக்குள் நடப்பதே மூளையின் பிரதான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2004-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த மைக்கேல் கிரைசியஸும் சகாக்களும் இவ்வழியை அல்சைமர் என்னும் மறதி நோய்க்குக் கொண்டு சென்றார்கள். வெளிக் காரியம் எதுவுமின்றி நாம் பழைய நினைவுகளில் ஆழ்ந்திருக்கும்போது ஊக்கம் பெறும் பகுதிகளின் கூட்டம் ஒன்று உண்டு. நோயின் ஆரம்ப நிலையிலேயே அக்கூட்டத்திற்கும் ஞாபகசக்திக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸுக்கும் உள்ள இசைவு தளர்ந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். ஓய்வு நிலையில் எடுக்கும் படத்துக்கு நோயாளி செய்ய வேண்டியதெல்லாம் அசையாமல் படுத்திருப்பதுதான்.

எனினும், இந்த ஒரு படத்தைக் கொண்டே இன்னாருக்கு இன்ன நோய் என்று தீர்ப்புக் கூறுவதற்கு இல்லை. பலரைச் சேர்த்துப் பார்க்கையில் தெளிவாகும் பேதம் தனி மனிதரிடத்தில் மங்கிவிடுகிறது. தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலும் பொய்த் தொடர்புகள் தோன்றுகின்றன. நோயை அறிவதற்கு முன், ஆரோக்கியமான மூளைகள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அறிய வேண்டும். அதன்பொருட்டே, நியூ ஜெர்ஸியின் நியூவார்க் நகரில் பணியாற்றத் தொடங்கிய பிஸ்வால், வேறு பல விஞ்ஞானிகளோடு கூடி, 35 ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து 1,414 பேரின் பதிவுகளைத் திரட்டி 2010-ல் வெளியிட்டார். அப்பதிவுகள் யாவருக்கும் இலவசம். மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் முன் அமர்ந்திருக்கும் மாணவியும் அவற்றை எடுத்து ஆராயலாம்.