கம்பஸை நிறுத்துவதென்றால் கடிதம் கொடுத்து நிறுத்துங்கள்

2019 உயிர்த்த ஞாயிறன்று அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்ததைக் கண்ட கொச்சிக்கடைக்கு, ஒரே காலையில் குடும்பங்கள் நிலைகுலையும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தகப்பனுக்குப் பாரிசவாதம், செட்டியார் தெருக் கடையில் நட்டம், பிள்ளைக்கே மன அழுத்தம் என்று ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் 155 பஸ் ஏறிக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த பிள்ளை பேசாமல் நின்றுவிடுகிறது. “பிறகு பார்ப்பம்” என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள்.

ஆபத்து நிற்பதில் இல்லை, பேசாமல் நிற்பதில்தான் இருக்கிறது. தகுந்த காரணம் காட்டாமல் பரீட்சைக்குப் போகாவிட்டால், பெரும்பாலும் அது ஒரு தடவை எழுதியதாகவே கணக்காகும். பிறகு ரிப்பீட்டில் எவ்வளவு புள்ளி எடுத்தாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைக்காது, கிளாஸ் கைநழுவும். பட்டத்தை முடிக்க வேண்டிய உச்சக் காலமும் ஓடிக்கொண்டிருக்கும்.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டப்படி கல்வி விடயங்களில் அதிகாரம் மூதவைக்கு உரியது. ஆகவே விரிவுரையாளர் ஒருவர் அன்பாக “சரி, போயிட்டு வாங்கோ” என்று சொன்னது அனுமதி ஆகாது. பீடாதிபதிக்கு எழுதுங்கள். பதிவிலக்கம், எந்த செமஸ்டரிலிருந்து எதுவரை, காரணம், திரும்பும் திகதி எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். அனுமதியும் எழுத்தில் வர வேண்டும். விடுப்புக் காலம் உச்சக் காலத்தில் சேருமா, எந்த பட்ச்சோடு திரும்புவது, மகாபொல என்னவாகும் என்பதையும் அப்போதே கேளுங்கள். பீடத்துக்குப் பீடம் விதி மாறும்.

‘மெடிக்கல்’ கொடுப்பவர்கள் அதிகம் சறுக்குவது துண்டில்தான். தெருமுனை டிஸ்பென்சரித் துண்டு பல இடங்களில் செல்லாது. அரசாங்க ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் போங்கள், அதுவும் நாள் கடத்தாமல். மனம் உடைந்திருந்தால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்குப் பேசலாம்.

பகிடிவதைக்குப் பயந்து நிற்பதென்றால் கதை வேறு. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. ஒதுங்க வேண்டியது அடிவாங்கிய பிள்ளை அல்ல, முறைப்பாடு செய்யுங்கள்.

வெள்ளவத்தைப் பக்கம் தனியார் நிறுவனங்களில் படிப்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். விடுப்பிலும் கட்டணத் தவணை ஓடுமா என்பது அதில்தான் இருக்கும். ஏமாற்றப்பட்டால், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், இலக்கம் 1977.

அரச பல்கலைக்கழகம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிலில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால், 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு மட்டும் பாரபட்சம் காட்டப்பட்டதென்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம், ஆனால் ஒரு மாதத்துக்குள். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் இலக்கம் 1996. மறுப்புக் கடிதம் கைக்கு வந்த திகதியை அதன் மூலையிலேயே எழுதி வையுங்கள்.